குப்பைப் பையும் அதைச் சுமக்கும் கையும்

விரிவுரை மண்டபத்தை விட்டு வந்து ஷார்ஜாவில் பொலித்தீன் ஊதும் இயந்திரத்தருகே நிற்கும் எனக்கு, பொதுக் குப்பைத்தொட்டிக்கான பை பற்றி எழுதுவது சிறுமையாகப் படவில்லை. வளைகுடா நகரங்களின் தூய்மையை வியப்போர், அத்தூய்மை எதிலே கட்டித் தூக்கப்படுகிறது என்று பார்ப்பதில்லை.

முதலில் அளவு. பையின் அகலம் தொட்டிச் சுற்றளவின் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 126. ஆகவே பை 66 வரை இருக்கலாம். நீளத்துக்கு, தொட்டியின் உயரத்தோடு அடியின் அரைவிட்டத்தையும், விளிம்பில் மடிக்க 15ஐயும் கூட்டவேண்டும். உயரம் 70 எனில் 105. ஒடுக்கமான பை விளிம்பில் கிழியும். கட்டையான பை உள்ளே விழும்.

அடுத்தது மூலப்பொருள். உயரடர்த்திப் பொலித்தீன் மெல்லியது, சரசரப்பது. பாரம் தாங்கும், ஆனால் துளை விழுந்தால் நெடுகக் கிழியும். கடதாசி மட்டும் விழும் தொட்டிக்கு அது போதும். போத்தலும் தகரமும் கோழியெலும்பும் விழும் கடற்கரைத் தொட்டிக்கு, இழுபடும் தன்மையுள்ள நேரியல் தாழடர்த்திப் பொலித்தீனே தகும். அடிப்பக்கம் நட்சத்திர வடிவில் மடித்து ஒட்டப்பட்டிருந்தால் ஒழுகல் குறையும். வெயிலில் நிற்கும் தொட்டிக்குக் கரித்தூள் கலந்த கறுப்புப் பை நல்லது. 1995ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புகளின் பின் பாரிஸ் உள்ளே தெரியும் பைகளுக்கு மாறியது. அங்கே கேள்வி வெயிலல்ல, அச்சம்.

‘சிதையும் பை’ என்ற சொல்லில் மயங்கவேண்டாம். ஒட்சிசனாற் சிதையும் பையை அமீரகம் 2010களில் கட்டாயமாக்கியது. அதே வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடைசெய்தது. அது மக்காமல் நுண்துகளாகிவிடும் என்பதே காரணம். கடைப்பைகளை அபுதாபி 2022இலும் டுபாய் 2024இலும் தடைசெய்தபோது குப்பைப் பைகளுக்கு விலக்களித்தன. சட்டம் விலகி நிற்கும் இடத்தில் வாங்குபவரின் பொறுப்பு கூடுகிறது.

அவரோ பெரும்பாலும் விலையைத்தான் பார்க்கிறார். 12 மைக்ரோன் பை மலிவாக வருகிறது. துப்புரவுத் தொழிலாளி கிழியுமென்று அறிந்து இரண்டைப் போடுகிறார். 24 மைக்ரோன் பொலித்தீன் செலவாகிறது. நல்ல 20 மைக்ரோன் பை ஒன்றே போதுமாயிருந்திருக்கும். இரண்டும் கிழிந்தால் கழிவுநீர் ஒழுகுவது அவர் காலில். யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 தொடக்கம் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலையில்லை என்ற விதி இங்குண்டு. வெயிலுக்கு விதி செய்ய முடிந்தவர்களுக்குப் பைக்கும் செய்ய முடியும். கேள்விப்பத்திரத்தில் தடிப்பை எழுதட்டும். மாதிரிப் பையில் ஒருநாட் குப்பையை நிரப்பி, தூக்குபவரையே தூக்கச்சொல்லிக் கேட்கட்டும்.