இரவல் வாங்கிய இறந்தகாலம்

தமிழில் ‘நட’ என்பது ‘நடந்தது’ ஆகும்போதும் ‘செல்’ என்பது ‘சென்றது’ ஆகும்போதும் வேர் சற்றே உருமாறுமே தவிர, அடையாளம் தெரியாமல் மறைந்துவிடுவதில்லை. ஆங்கிலத்திலோ, ‘போ’ எனப் பொருள்படும் ‘கோ’ என்னும் எளிய வினை இறந்தகாலத்தில் ‘வென்ட்’ என்று முற்றிலும் ஒட்டாத வடிவத்தைக் கொள்வதால், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே முதலில் பொது விதியைப் பின்பற்றி ‘கோட்’ என்று சொல்லிப் பின்னரே திருத்திக்கொள்கின்றனர்.

உண்மையில் ‘வென்ட்’ என்பது ‘வெண்ட்’ என்ற வேறொரு வினைக்குப் பிறந்த பிள்ளை. முன்னதன் ஈற்றில் ‘பட்டம்’ என்பதில் உள்ள டகரமும், பின்னதன் ஈற்றில் ‘வண்டி’யில் உள்ள டகரமும் ஒலிக்கின்றன. அனுப்புதலைக் குறிக்கும் ‘செண்ட்’, ‘சென்ட்’ ஆவதும் இதே முறையில்தான். பழைய ஆங்கிலத்தில் ‘வெண்டன்’ என்பது திருப்புதலையும் திரும்புதலையும் குறித்தது. முறுக்குதலைச் சுட்டும் ‘வைண்ட்’ அதற்கு உறவுச் சொல். ஒரு திசையில் திரும்புகிறவர் அத்திசையிலேயே நடையைக் கட்டுவதும் இயல்பாகையால், அச்சொல்லுக்குப் பயணப்படுதல் என்ற பொருளும் சேர்ந்தது. சாசர் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில், யாத்திரிகர்கள் புனிதத் தலத்துக்குப் புறப்படுவதைச் சொல்ல இவ்வினையே வருகிறது.

அப்படியானால் ‘கோ’வுக்குச் சொந்தமான இறந்தகாலம் எங்கே போயிற்று என்று தேடினால், வியப்பே மிஞ்சும்: பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தில் இருந்த ‘ஏஒடே’ என்ற வடிவமும் வேறு வேரிலிருந்து வந்ததே. அது தேய்ந்து மறைய, தென் இங்கிலாந்தின் வழக்கில் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தை ‘வென்ட்’ பிடித்துக்கொண்டது. வடக்கே ஸ்காட்லாந்து வழக்கோ, இரவலுக்குக் கையேந்தாமல், தன் வேரிலிருந்தே ‘கேட்’ என்ற வடிவத்தை ஆக்கிக்கொண்டது.

ஒரு சொல்லுக்கு இல்லாத வடிவத்தை வேற்று வேரிலிருந்து எடுத்து நிரப்புவதை மொழியியலார் ‘சப்ளீஷன்’ என்பர். பிரெஞ்சு மொழியிலும் ‘போகிறேன்’ என்பதற்கு ‘வே’ என்றும், ‘போகிறோம்’ என்பதற்கு ‘அலோன்’ என்றும், ‘போவேன்’ என்பதற்கு ‘இரே’ என்றும் வெவ்வேறு வேர்கள் ஒரே வினைக்குள் குடியிருக்கின்றன. நாள்தோறும் வாயில் புழங்கும் சொற்களிலேயே இத்தகைய கோணல்கள் நிலைக்கின்றன. எப்போதாவது வரும் சொல்லாயிருந்தால், மறதியே அதை விதிக்குள் இழுத்து வந்துவிடும்.

பிள்ளையைப் பறிகொடுத்த ‘வெண்ட்’, பொது விதிப்படி ‘வெண்டெட்’ என்று புதிய இறந்தகாலம் ஒன்றைத் தேடிக்கொண்டு, மெல்ல வழி பார்த்துச் செல்வதைக் குறிக்கும் ஒரு மரபுத்தொடரில் இன்று பெரும்பாலும் ஒதுங்கியிருக்கிறது.