வில்லுக்கு ஒரு கடிவாளம்

நம்மில் ஊஞ்சல் ஆடாதவர் யார்? ஒரு முறை உந்திவிட்டுக் காலை மடக்கிக்கொண்டால், அது தானாகவே எத்தனை முறை போய்ப்போய் வருகிறது! நிறுத்த வேண்டுமானால் காலைத் தரையில் தேய்த்தாக வேண்டும். மோட்டார் வண்டியின் வில்லும் ஊஞ்சலைப் போன்றதே. பள்ளத்தைக் கடந்த பின்னும் அமுங்கும், எழும், மீண்டும் அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்கும் காலுக்குத்தான் ‘ஷாக் அப்சார்பர்’ என்று பெயர்.

பெயர் சற்று ஏமாற்றக்கூடியது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வில் சேர்த்துவைத்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைப்பதே ஷாக் அப்சார்பரின் தொழில். இதை வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆயினும் அதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது என் மாமாவின் காரில்தான்.

பெங்களூர் அல்சூரில் இருக்கும் மாமாவிடம் ஒரு பழைய மாரிஸ் மைனர் உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிறு கார் அது. நம் நாட்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதனைப் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றது. பின்னாளில் ‘மினி’ காரைப் படைத்தவரும் அதே இசிகோனிஸ்தான்.

ஒரு மழை நாள் மாலை. ஏரிக்கரைச் சாலையில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். மாமா பிரேக்கை அழுத்தினார். வண்டியின் மூக்கு தாழ்ந்தது, எழுந்தது, மீண்டும் தாழ்ந்தது. எழுந்தபோதெல்லாம் முன்சக்கரம் வழுக்கிற்று. சிறுவனுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. அத்தை வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், “இனி இந்த வண்டியில் நான் ஏறமாட்டேன்” என்றார். விற்றுவிடலாம் என்றார் மாமா.

பிரேக்கில் குறையில்லை என்று சொன்னவர் எங்களுக்குப் பழக்கமான ஒரு முதிய மெக்கானிக். அவர் முன் மட்காப்பின் மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்தி விட்டார். வண்டி மூன்று நான்கு முறை ஆடிற்று. “நல்ல வண்டி ஒரு தடவை எழுந்து அடங்கிடும் தம்பி. இது தொட்டில் மாதிரி ஆடுது பார்” என்றார். சக்கரம் தரையைப் பற்றியிருந்தால்தானே பிரேக் பயன்படும்? துள்ளும் சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தென்ன!

இன்று நம் மோட்டார் சைக்கிளில் காணும் நீண்ட குழாய் வடிவம் இதில் இல்லை. ஓர் உலோகப் பெட்டி. அதிலிருந்து நீளும் ஒரு கை. கை அசைந்தால் உள்ளே இரு பிஸ்டன்கள் நகரும். எண்ணெய் சிறு வால்வுகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடும். வேகமாக ஆட்டினால் எதிர்ப்பு மிகும். மெல்ல ஆட்டினால் இடங்கொடுக்கும். இந்தக் காரின் முன்புறத்தில் இன்னொரு புதுமை: அந்தக் கையே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையாகவும் அமைந்துள்ளது.

எங்கள் வண்டியில் கை திரும்பும் தண்டு தேய்ந்து எண்ணெய் முழுவதும் கசிந்திருந்தது. முன்பு யாரோ ஒருவர் பிரேக் எண்ணெயை ஊற்றிச் சமாளித்திருந்தார். அது கூடவே கூடாது. இதற்கென உள்ள எண்ணெயே வேண்டும். நான்கையும் கழற்றிக் கலாசிப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். தண்டைச் சீர்செய்து, புதிய புஷ்ஷும் ஆயில் சீலும் இட்டுத் தந்தார்கள்.

கழற்றுவதில்தான் ஆபத்து இருக்கிறது. முன்சக்கரத்தின் வில் ஒரு நீண்ட எஃகுத் தண்டு. ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் மேற்கையை விடுவித்தால், கீழ்க்கை சடாரென இறங்கி விரலை முறித்துவிடும். ஆகவே வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கீழ்க்கையின் வெளி முனைக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி கொடுத்துப் பாரத்தை ஏற்றிய பிறகே மேல்முனைப் போல்ட்டைத் தொட வேண்டும். அதன் பின் பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள். விடுபட்ட சக்கரத் தூணைக் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். இன்றேல் பிரேக் குழாயில் அதன் சுமை விழும்.

பொருத்தும் முன் பெட்டியை நிமிர்த்திப் பிடித்து, கையை முழு அளவுக்கு மேலும் கீழும் பல முறை ஆட்டினோம். முதலில் இடையிடையே வெறுமையாக ஓடிற்று. அது உள்ளே சிக்கிய காற்று. குமிழிகள் வெளியேற, எண்ணெய் ஊற்ற ஊற்ற, எதிர்ப்பு சீராயிற்று. நான்கு போல்ட்டுகளையும் முழுக்க முறுக்கி, அவை கழலாதபடி பூட்டுத் தகடுகளை மடக்கினோம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை மட்டும் அரைகுறையாக விட்டார் பெரியவர். வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே அதை இறுக்கினார். “தொங்கும்போதே முறுக்கினா, கீழே இறக்கினதும் ரப்பர் திருகிக் கிழியும்” என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத வரி அது!

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது தவறு. இரு சக்கரங்களும் வேறு வேறாக நடந்தால் வண்டி ஒருபுறம் இழுக்கும். சில நாள் ஓட்டியபின் போல்ட்டுகளையும் எண்ணெயையும் மீண்டும் பார்ப்பது நன்று.

அடுத்த மழை நாளில் அதே ஏரிக்கரைச் சாலை. ஆளில்லாத இடத்தில் மாமா பிரேக்கை அழுத்தினார். மூக்கு தாழ்ந்தது, எழுந்தது, நின்றது. வீடு திரும்பியபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். மாமாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். வண்டி விற்கப்படவில்லை.

நண்பர்களே! உங்கள் வீட்டு வண்டியையும், அது புதியதோ பழையதோ, ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சொகுசுக்காக அன்று, சைக்கிளில் குறுக்கே வரும் யாரோ ஒரு சிறுவனுக்காக.