காய்ச்சலின் கணக்கு

மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இச்சொல்லை முதன்முதலில் கேட்கும்போது மார்கழிப் பனியை நினைத்துக்கொள்வதுண்டு. மழைக்காலத்தில் கேரள அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ‘பனி கிளினிக்’ குளிர்ந்த அறையன்று. காய்ச்சலுக்கெனத் தனியே அமைந்த பிரிவு. நெல்லைப் பக்கத்தார் ‘தடுமன்’ என்று சொல்லும் சளித்தொல்லையோடு வருவோரும் அங்கேதான் வரிசையில் நிற்பர்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையை அடைகிறது. மலையாள மாதமாகிய இடவத்தின் நடுவில் வருவதால் இம்மழையை ‘இடவப்பாதி’ என்பர். பள்ளிகள் திறப்பதும் ஏறத்தாழ அந்நாள்களில்தான். மழைக்கு அஞ்சிச் சன்னல்கள் சாத்தப்படுகின்றன. ஒரே வகுப்பறையில் பலர் நெருங்கி அமர்கின்றனர். ஒருவர் இருமினால் நுண்துளிகள் பக்கத்தில் இருப்பவரை எளிதில் சென்றடைகின்றன. இன்ஃபுளுவென்சா, ஆர்.எஸ்.வி. முதலிய வைரஸ்கள் பரவுவதற்கு இதைவிட வாய்ப்பான காலம் இல்லை.

இவ்வைரஸ்கள் பெரும்பாலோரைச் சில நாள்கள் படுக்கவைத்துவிட்டு நீங்கிவிடும். கைக்குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார், ஆஸ்துமா உடையோர் ஆகியோருக்கு அவை நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். இன்ஃபுளுவென்சாவுக்கு மருந்து உண்டு. ஆனால், நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் அதன் முழுப்பயன் கிட்டும். எனவே, ஊரில் எந்த வைரஸ் உலவுகிறது என்பதை மருத்துவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு அறிவதற்கான ஏற்பாடே நோய்க் கண்காணிப்பு.

இந்தியாவில் ‘ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்’ 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இதற்குச் செய்தி மூன்று வாயில்களின் வழியே வருகிறது. களப்பணியாளர் தாம் கேட்டறிந்த நோய்க்குறிகளை எழுதுகிறார். மருத்துவர் தாம் ஐயுறும் நோயை எழுதுகிறார். ஆய்வகம் தான் உறுதிசெய்ததை எழுதுகிறது. இம்மூன்றும் மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்து, மாநிலத் தலைமைக்கும் தில்லிக்கும் செல்கின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள சுகாதாரப் பணிகள் இயக்ககம், காய்ச்சலுக்காகப் புறநோயாளர் பிரிவுக்கு வந்தோரின் எண்ணிக்கையை மாவட்ட வாரியாக நாள்தோறும் வெளியிடுகிறது. மழை வலுக்கும் காலத்தில் மாநிலம் முழுவதிலும் ஒரே நாளில் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் வருவதும் உண்டு. அந்தப் பட்டியலில் டெங்கு, எலிக்காய்ச்சல், எச்1என்1 ஆகியவை தனித்தனியே குறிக்கப்பெறும்.

இவ்வெண்களைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை சரிந்து, திங்கட்கிழமை உயரும். ஞாயிறன்று காய்ச்சல் ஓய்வெடுப்பதில்லை. பல புறநோயாளர் பிரிவுகள் மூடியிருக்கின்றன, அவ்வளவே. இதனால்தான் வல்லுநர் ஒரு நாளின் எண்ணை நம்பாமல் ஒரு வாரத்தின் கூட்டுத்தொகையை எடுத்து, முந்தைய ஆண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிடுகின்றனர்.

எண்ணிக்கை மட்டும் நோயின் பெயரைச் சொல்லிவிடாது. டெங்குவும் இன்ஃபுளுவென்சாவும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, 38 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சலும் இருமலும் பத்து நாள்களுக்குள் தொடங்கியிருந்தால், அதனை ‘இன்ஃபுளுவென்சா போன்ற நோய்’ என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அத்தகையோர் சிலரின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் சளி மாதிரி எடுக்கப்படுகிறது. அது குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டு ஆய்வகம் செல்கிறது. வஞ்சியூரில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகமும், தோன்னக்கல்லில் உயர்நிலை வைராலஜி நிறுவனமும் உள்ளன. ஆலப்புழையில் தேசிய வைராலஜி நிறுவனத்தின் கிளை இயங்குகிறது. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் கண்டறியப்பட்டபோது, அம்மாதிரியைச் சோதித்து உறுதிசெய்தது அந்நிறுவனத்தின் புனே தலைமை ஆய்வகமே.

ஆய்வக முடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு வாரம் 200 மாதிரிகளில் 20இலும், மறுவாரம் 50 மாதிரிகளில் 15இலும் வைரஸ் காணப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இருபது பதினைந்தாயிற்று, நோய் குறைந்தது என்று மகிழ்வது தவறு. முதல் வாரம் நூற்றுக்குப் பத்து. மறுவாரம் நூற்றுக்கு முப்பது. சோதனை குறைந்திருக்கிறது, நோய் பெருகியிருக்கலாம்.

இக்கணக்குகள் பல ஆண்டுகள் சேர்ந்தபோது வியப்பான ஓர் உண்மை புலப்பட்டது. 2009 முதல் 2013 வரை இந்தியாவின் பத்து ஆய்வு மையங்கள் திரட்டிய இன்ஃபுளுவென்சாத் தரவுகளை ஆய்ந்தவர்கள், நாடு முழுவதற்கும் ஒரே காய்ச்சல் பருவம் இல்லை என்று கண்டனர். ஆலப்புழை, புனே, தில்லி, கொல்கத்தா முதலிய இடங்களில் நோய் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் உச்சமடைந்தது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் உச்சமடைந்தது. ஸ்ரீநகரிலோ கடுங்குளிர் நிலவும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே, ஜூன் மாதக் காய்ச்சலைக் கேரளத்தில் கழித்துவிட்டுத் தீபாவளிக்குச் சென்னைக்குப் புறப்படும் குடும்பம், அங்கே மற்றொரு காய்ச்சல் பருவத்தின் நடுவில் போய் இறங்கக்கூடும். வீட்டில் வயது முதிர்ந்த பாட்டி இருந்தால் இச்செய்தி சிறியதன்று.

தடுப்பூசி போடும் காலத்தையும் இது மாற்றுகிறது. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் ஊசி போடுவர். அதே நாள்காட்டியை இங்கே பின்பற்றினால், மழைக்காலத்து நோய் வந்து போன பிறகே ஊசி வந்துசேரும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை என்று அவ்வாய்வாளர் கூறினர். வைரஸ் தன் புறத்தோற்றத்தை ஓயாமல் மாற்றிக்கொள்வதால், தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. 1952இல் தொடங்கிய உலகளாவிய வலையமைப்பின் ஆய்வகங்கள் அதற்குரிய தரவுகளைத் தருகின்றன. புனே நிறுவனமும் அவற்றுள் ஒன்று.

இத்தனை ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்பவரின் காய்ச்சல் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஒரு நாள் கூலியை இழக்க இயலாதவர் மருத்துவமனை வரிசையில் நிற்பது அரிது. கேரளத்தில் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்றழைக்கப்படும் வெளிமாநிலத்தார் பலர் ஓர் அறையில் நெருக்கமாகத் தங்குகின்றனர். நோய் விரைந்து பரவும் இடமும், கணக்கு எளிதில் எட்டாத இடமும் அதுவே. ஆஷா பணியாளரும் சுகாதார ஆய்வாளரும் நேரில் சென்று கேட்டால்தான் அங்குள்ள காய்ச்சல் பட்டியலில் இடம்பெறும். காய்ச்சல் என்று தொடங்கியது, உடன் இருப்போரில் யாருக்கு இருமல் என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். இரு மொழியும் அறிந்த ஒருவர் அருகில் இருந்தால், அவ்விடைகள் பிழையின்றி ஏட்டில் ஏறுகின்றன.