வேட்பாளருக்கு வரம்பு உண்டு; கட்சிக்கு இல்லை

புதுதில்லி: மக்களவைத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் போட்டியிடும் வேட்பாளர் அதிகபட்சமாக ரூ. 95 லட்சம் செலவிடலாம் என 2022 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. 2024 பொதுத் தேர்தல் இந்த உச்சவரம்பின்படியே நடைபெற்றது. வேட்பாளரின் பந்தல், வாகனம், ஒலிபெருக்கி என ஒவ்வொன்றையும் செலவினப் பார்வையாளர்களின் குழுவினர் கணக்கில் எழுதினர். ஆனால், அந்த வேட்பாளரை நிறுத்திய கட்சி தனது பொதுப் பிரசாரத்துக்கு எத்தனை கோடி செலவிடலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு ஏதும் இல்லை.

தேர்தல் சீர்திருத்தம் குறித்துத் தலைநகரில் பல ஆண்டுகளாக விவாதங்கள் நடைபெற்று வருகின்றன. அவற்றில் முன்வைக்கப்படும் யோசனைகள் பலவும் இறுதியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

தில்லியில் தொடங்கிய வழக்கு

1971 தேர்தலில் தில்லி சதர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் அமர்நாத் சாவ்லா வெற்றி பெற்றார். அப்போது அங்கு செலவு வரம்பு ரூ. 10 ஆயிரம். வரம்பு மீறப்பட்டதாக, தோல்வியடைந்த கன்வர் லால் குப்தா வழக்குத் தொடுத்தார். வேட்பாளருக்குத் தெரிந்தே அவருக்காகக் கட்சி செய்த செலவும் அவரது கணக்கில்தான் சேரும் என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவ்லாவின் வெற்றி செல்லாததாயிற்று.

தீர்ப்பு வெளியான சில வாரங்களுக்குள் அவசரச் சட்டம் பிறந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றமும் அதற்கு ஒப்புதல் அளித்தது. கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்ற விளக்கம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் சேர்க்கப்பட்டது. அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றியை எதிர்த்த வழக்கு அலாகாபாத் உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த நேரம் அது. அவ்வழக்கிலும் செலவு வரம்பு மீறல் ஒரு குற்றச்சாட்டாக இருந்தது.

இந்த விளக்கம் 2003-இல் திருத்தப்பட்டது. அதன்பின், குறிப்பிட்ட வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவு அவரது கணக்கில் சேர்க்கப்படுகிறது. கட்சியின் கொள்கையைப் பரப்பச் செல்லும் முன்னணித் தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் இத்தகைய 40 பேரையும், மற்ற கட்சிகள் 20 பேரையும் அறிவிக்கலாம். ஆயினும், எந்த வேட்பாளரின் பெயரையும் குறிப்பிடாமல் நாடு முழுவதும் கட்சி செய்யும் விளம்பரம் முன்போலவே வரம்புக்கு வெளியே நின்றது.

இதனால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள் சுயேச்சைகளும் சிறு கட்சியினரும்தான். அவர்களுக்கு வரம்பு வரம்பாகவே இருக்கிறது. பெரிய கட்சியின் வேட்பாளருக்கோ, தன் கணக்கில் ஏறாத விளம்பரமும் வாக்குகளைச் சேர்த்துத் தருகிறது.

காலம் கடந்த தண்டனை

கணக்கு தாக்கல் செய்யும் முறையிலும் குறை உண்டு. முடிவு வெளியான 30 நாள்களுக்குள் வேட்பாளர் கணக்குத் தர வேண்டும். உரிய முறையில் தராவிட்டால் மூன்றாண்டுகள் தகுதியிழக்க நேரிடும். ஜார்க்கண்ட் முன்னாள் முதல்வர் மது கோடா, 2009 மக்களவைத் தேர்தல் செலவுக்குச் சரியான கணக்குத் தரவில்லை என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்து தகுதிநீக்கம் செய்தது 2017-இல். அவர் உறுப்பினராக இருந்த மக்களவையின் காலம் 2014-லேயே முடிந்துவிட்டது.

அரசு நிதி தீர்வாகுமா?

தேர்தல் செலவை அரசே ஏற்கலாம் என்ற யோசனையும் பழையது. 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், 1998-இல் இந்திரஜித் குப்தா குழுவும் இதை ஆதரித்தன. பணமாகத் தராமல் பொருளாகவும் வசதியாகவும் தரலாம் என்பதே இரு குழுக்களின் கருத்து. வரம்பு இல்லாத இடத்தில் இந்த உதவியும் ஏற்கெனவே உள்ள செலவுடன் கூடுதலாகச் சேருமே தவிர, செலவைக் குறைக்காது.

நன்கொடை விஷயத்தில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு எதிரானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி ரத்து செய்தது. பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதை அறியும் உரிமையை அத்தீர்ப்பு உறுதி செய்தது. எவ்வளவு செலவாகலாம் என்ற கேள்வி அத்தீர்ப்பின் எல்லைக்குள் வரவில்லை.

பிரிட்டனும் இதே நிலையில் நெடுங்காலம் இருந்த நாடுதான். அங்கு வேட்பாளர் செலவுக்கு 1883-லேயே கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. கட்சிகளின் தேசியப் பிரசாரத்துக்கு வரம்பு வந்தது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். போட்டியிடும் தொகுதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்த வரம்பு கணக்கிடப்படுகிறது.

அதையொத்த முறையை இந்தியத் தேர்தல் ஆணையமும் பரிந்துரைத்துள்ளது. வேட்பாளருக்கான வரம்பைக் கட்சி நிறுத்தும் வேட்பாளர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதன் அடிப்படையில் கட்சிக்கு வரம்பு விதிக்கலாம் என்பது அந்த யோசனை. 2018 ஆகஸ்டில் ஆணையம் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்திலும் கட்சிச் செலவு வரம்பு விவாதிக்கப்பட்டது. ஆனால் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. வரம்பு விதிக்கப்பட வேண்டிய கட்சிகளே அங்கு அமர்ந்திருக்கின்றன. 1974-இல் கட்சிச் செலவுக்கு விலக்கு அளிக்கச் சில வாரங்களே போதுமானதாக இருந்தன. அந்தச் செலவுக்கு வரம்பு கட்ட அரை நூற்றாண்டும் போதவில்லை.