ஆட்-இன் மறைந்தால் வேலையும் மறைந்துவிட்டதா?

தொழில்துறைப் பொறியியல் படிக்கும் எங்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு செயல்முறை வரைபடமாவது வந்துவிடும். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யாரிடம் கைமாறுகிறது, எந்த இடத்தில் தேங்குகிறது என்பதைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் காட்ட வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறை படிக்கும் என் நண்பர்களும் இதே படங்களோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பெரும்பாலும் நாங்கள் பயன்படுத்துவது விசியோ. 1992ல் வெளிவந்து, 2000ல் மைக்ரோசாஃப்ட் வசம் போன மென்பொருள். எங்களைவிட வயதில் மூத்தது, அதற்கேற்ற பிடிவாதங்களும் உண்டு.

விசியோவால் தானாகச் செய்ய முடியாத வேலைகளுக்காகப் பிறர் எழுதித் தரும் துணை நிரல்கள்தான் ஆட்-இன்கள். நிறுவியதும் மேலே ரிப்பனில் புதிய டேப் ஒன்று தோன்றும். நேரத்தைக் கூட்டிச் சொல்வது, கட்டங்களுக்கு நிறம் மாற்றுவது, இணைப்புகளைச் சரிபார்ப்பது என ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், ஒருநாள் அந்த டேப் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும்.

சென்ற பருவத்தில் எங்கள் ஐவர் குழு ஓர் உணவங்காடி நிலையத்தின் மதிய நேர வரிசையை ஆராய்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நொடி என்று அளந்ததை விசியோவில் பதியும் பொறுப்பு ஒரு தோழியுடையது. ஒப்படைக்க இரண்டு நாள் இருந்தபோது அவர் கோப்பை அனுப்பினார். திறந்து பார்த்தால் வெறும் கட்டங்கள். மொத்த நேரமும் இல்லை, நிறமும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “நீ இன்னும் செய்யவே இல்லையா?” என்று கேட்டுவிட்டார். அதன்பின் இரவு முழுவதும் யாரும் எதுவும் எழுதவில்லை. மதிப்பெண்ணில் சக மாணவர் மதிப்பீடும் சேரும் என்பதால், அந்த அமைதி அவருக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவருடைய மடிக்கணினியில் சேர்ந்து பார்த்தோம். முதல் நாள் விசியோ உறைந்து தானாக மூடியிருக்கிறது. மறுபடி திறந்தபோது, இந்த ஆட்-இன்னால் கோளாறு வந்தது, முடக்கலாமா என்று கேட்டிருக்கிறது. வேலை அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்தியிருக்கிறார். அப்படி முடக்கப்பட்டவை ஒரு தனிப் பட்டியலில் போய் உட்காரும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், அடியில் இருக்கும் ‘மேனேஜ்’ பெட்டியில் ‘டிஸேபிள்டு ஐட்டம்ஸ்’ தேர்ந்து ‘கோ’ அழுத்தினால் பட்டியல் தெரியும். அங்கே விடுவித்து, விசியோவை மூடித் திறந்தோம். டேப் வந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரு கட்டத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘டேட்டா’வில் ‘ஷேப் டேட்டா’வைத் திறந்தோம். அவர் பதிந்த நொடிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த ஆட்-இன் கணக்குப் போட்டு நிறம் தீட்டியதே தவிர, எண்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவை கோப்பிலேயே இருந்தன. அந்தத் திரையைப் படமெடுத்துக் குழுவில் போட்டோம். கேள்வி கேட்டவர் மன்னிப்புக் கேட்டார்.

எல்லா முடக்கமும் இந்த வகை அல்ல. தொடங்கும்போதே ஆட்-இன் தடுமாறினால், அது ‘டிஸேபிள்டு ஐட்டம்ஸ்’ பட்டியலுக்குப் போகாது. அதே ‘மேனேஜ்’ பெட்டியில் ‘காம் ஆட்-இன்ஸ்’ தேர்ந்தால், பெயர் இருக்கும், டிக் மட்டும் இருக்காது. பெயரைச் சொடுக்கினால் ஏன் ஏறவில்லை என்று கீழே ஒரு வரி வரும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நேரே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். டிக் வைத்தும் நிற்கவில்லை என்றால், 32-பிட், 64-பிட் பொருத்தத்தைப் பாருங்கள். எங்கள் குழுவில் இன்னொருவருக்கு டேப் ஒருமுறைகூட வராததற்குக் காரணம் அதுதான்: அவருடைய ஆபிஸ் 64-பிட், அவர் இறக்கிய ஆட்-இன் 32-பிட். ஐந்தாமவர் மேக் வைத்திருப்பவர். மேக்குக்கு விசியோவே கிடையாது, இணையத்தில் ஓடும் விசியோவும் இவ்வகை ஆட்-இன்களை ஏற்றாது. அவருக்குப் பிடிஎஃப்தான்.

குற்றவாளி ஆட்-இன்னா விசியோவா என்று தெரியாவிட்டால், கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி விசியோவைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பு முறையில் ஆட்-இன்கள் இல்லாமல் திறக்கும். அப்போது ஒழுங்காக ஓடினால் சந்தேகம் ஆட்-இன் பக்கம். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் எனக்குத் தெரிந்து குறுக்குவழி இல்லை.

மேக்ரோ உள்ள கோப்புகள் வேறு கதை. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. சிவப்புப் பட்டை ஒன்று வரும். அனுப்பியவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தால், கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘அன்பிளாக்’ கட்டத்தில் டிக் வைக்கலாம். தெரியாவிட்டால் பட்டையை நம்புங்கள். இன்னொன்று: விஎஸ்டிஎக்ஸ் வகைக் கோப்பில் மேக்ரோ தங்காது. மேக்ரோ வேண்டுமானால் விஎஸ்டிஎம் என்றே சேமிக்க வேண்டும்.

இந்தப் பருவம் தொடங்கியபோது, எந்த ஆட்-இன், எந்தப் பதிப்பு, எத்தனை பிட் என்று குழுவின் பகிர்வுக் கோப்பில் முதல் வரியிலேயே எழுதிவிட்டோம். எழுதியவர் அந்தத் தோழி. அடியில், கோப்போடு பிடிஎஃப் நகலும் அனுப்ப வேண்டும் என்று தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறார்.