'நான் இருக்கேன்ல, விடு!' - உங்க காதலன் உங்களுக்கு டாக்டரா?

ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு. போர்வைக்குள்ள ஹெட்போனை மாட்டிக்கிட்டு குசுகுசுன்னு ஒரு போன்கால். 'அப்பா இன்னிக்கும் கல்யாணப் பேச்சை எடுத்துட்டார்டா. மூச்சு முட்டுது.' அந்தப் பக்கம் இருப்பவன் வழக்கம்போலச் சொல்கிறான், 'நான் இருக்கேன்ல, விடு.' அவனுக்கும் காலையில ஷிஃப்ட் இருக்கு. அவன் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. ஒன்றரை மணி வரைக்கும் பேசிட்டு இவன் தூங்கிடுவான். அவனுக்குத்தான் தூக்கம் வராது.

நீங்க ஒரு தன்பாலீர்ப்பாளர், காதலிலும் இருக்கீங்கன்னா, இந்த இரண்டு பேரில் ஒருத்தர் நீங்களா இருக்கலாம். இல்லைன்னாலும் படிங்க. உங்க ஃப்ரெண்டோ, தம்பியோ அந்தப் போர்வைக்குள்ள இருக்கலாம்.

ஆண்-பெண் காதலில் சண்டை வந்தா, ஹாஸ்டல்ல எவனாவது ஒருத்தன் டீ வாங்கிக் கொடுத்து மொக்கை அட்வைஸாவது சொல்வான். மூஞ்சியைப் பார்த்தே அக்கா கண்டுபிடிச்சிடுவாங்க. ரகசியமா இருக்கிற கே காதலுக்கு அந்த டீயும் கிடையாது, அக்காவும் கிடையாது. பிரேக்-அப் ஆனாக்கூட 'தலைவலி'ன்னு சொல்லிட்டுத்தான் படுக்கணும். அதனால காதலனே நண்பன், அண்ணன், கவுன்சலர், டாக்டர்னு எல்லா வேஷமும் கட்ட வேண்டியிருக்கு. ஆரம்பத்துல இது ரொமான்டிக்காதான் இருக்கும்.

அப்புறம் என்ன ஆகும்னு நான் பார்த்தவரைக்கும் நேர்மையாகக் காட்டிய சீரிஸ், நெட்ஃப்ளிக்ஸின் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. பிரிட்டனைச் சேர்ந்த ஆலிஸ் ஓஸ்மன் 2016-ல் இணையத்தில் வெளியிட ஆரம்பிச்ச காமிக்ஸ், 2022-ல் சீரிஸா வந்தது. (இன்னும் பார்க்காதவங்க, அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிடுங்க. கதையைச் சொல்லாம இதை எழுத முடியலை!) ஒரே ஸ்கூலில் படிக்கும் பசங்க சார்லியும் நிக்கும். சார்லி, கே. அவன் விருப்பமில்லாமலேயே அது ஸ்கூல் முழுக்கத் தெரிஞ்சு, மோசமா கேலி செய்யப்பட்டவன். ரக்பி ஆடும் நிக், தான் பைசெக்ஷுவல்னு மெதுவா புரிஞ்சுக்கிறவன். ரெண்டாவது சீசனில், தனக்கு நடந்தது நிக்குக்கு நடந்துடக் கூடாதுங்கிறதுதான் சார்லியோட ஒரே கவலை. அந்தக் கவலையில தன் வலியை முழுங்கிடுறான். 'எனக்கு ஒண்ணுமில்ல' மோடுலயே சுத்துறான். சாப்பாடும் குறையுது. பாரிஸ் டூர்ல லூவர் மியூசியத்துக்குள்ளயே மயங்கி விழுறான்.

2024-ல வந்த மூணாவது சீசன்தான் முக்கியம். சார்லிக்கு இருப்பது உணவு தொடர்பான மனநோய்னு நிக்குக்குச் சந்தேகம் வருது. தானே சரி பண்ணிடணும்னு தவிக்கிறான். அவனோட ஆன்ட்டி டயான் அவனுக்குப் புரிய வைக்கிற விஷயம் ஒண்ணுதான். காதலால ஒரு நோயைக் குணப்படுத்த முடியாது, விவரம் தெரிஞ்ச பெரியவங்களோட உதவி வேணும். அதுக்கப்புறம் சார்லி பெத்தவங்ககிட்ட சொல்றான், சில வாரங்கள் மனநல மருத்துவமனையில தங்குறான், தெரபிஸ்ட்கிட்ட பேசுறான். சிகிச்சையில இருப்பவன், வெளிய காத்திருப்பவன்னு ரெண்டு பேர் பக்கமும் நின்னு சொல்லுது நாலாவது எபிசோடு. காதலன் முத்தம் கொடுத்ததும் மனநோய் பறந்துபோற சினிமாவை நிறைய பார்த்துட்ட நமக்கு இது புதுசு.

சரி, இதெல்லாம் ஏன் வருது? 'கே-வா இருந்தாலே மனசு சரியிருக்காது'ன்னு சிலர் சொல்வாங்க. தப்பு. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துடுச்சு. இலான் மேயர்ங்கிற ஆய்வாளர் 2003-ல் இதை 'சிறுபான்மை மன அழுத்தம்'னு விளக்கினார். மறைச்சு வாழறது, எப்ப மாட்டுவோமோங்கிற பயம், அவமானம், ஊர் சொன்ன கேலியை நாமளே நம்ப ஆரம்பிக்கிறது... அழுத்தம் வர்றது இங்கிருந்துதான். கடைசியா சொன்னதுதான் காதலுக்குள்ள ரொம்ப வேலை காட்டும். தன்னையே பிடிக்காதவனுக்கு, இன்னொருத்தன் தன்னை நேசிக்கிறதே சந்தேகமா இருக்கும். 'நீயும் ஒருநாள் கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவ'ன்னு மாசத்துக்கு நாலு தடவை சண்டை வர்றது இதனாலதான்.

தன்னை ஏத்துக்கறதுல ரெண்டு பேரோட வேகமும் ஒண்ணா இருக்காது. ஒருத்தர் அக்காகிட்ட சொல்லிட்டார், இன்னொருத்தர் கண்ணாடிகிட்டகூடச் சொல்லலை. அவசரப்படுத்தாதீங்க. 2021 ஜூன் 7 அன்னிக்கு, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் முக்கியமான உத்தரவு கொடுத்தார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். அதுக்கு முன்னாடி, தனக்கே இதைப் பத்தின புரிதல் போதலைன்னு வெளிப்படையா சொல்லி, ஒரு உளவியலாளரோட உட்கார்ந்து பேசினார். ஒரு நீதிபதிக்கே டைம் தேவைப்பட்டிருக்கு பாஸ்!

இப்ப அந்த ராத்திரி போன்காலுக்கு வருவோம். கேட்கிற பக்கம் நீங்க இருந்தா, முதல்ல ஒண்ணு கேளுங்க: 'நான் சும்மா கேட்டா போதுமா, ஏதாவது பண்ணணுமா?' பாதி நாள் கேட்டாலே போதும். முடியாத ராத்திரியில 'இன்னிக்கு எனக்கும் முடியலடா, காலையில பேசலாமா'ன்னு சொல்றதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு. உங்க ரெண்டு பேரைத் தவிர மூணாவதா ஒரு ஆள் கண்டிப்பா வேணும். அது அம்மா அப்பாவா இருக்கணும்னு அவசியமில்ல. வீட்டைவிட்டு அனுப்பிடுவாங்கங்கிற பயம் இருந்தா, சொல்லாமலிருக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஒரு ஃப்ரெண்டு, ஒரு கசின் போதும்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் ரகசியம் காக்காதீங்க. அவன் தன்னைக் காயப்படுத்திக்கிறான், இல்ல வாழப் பிடிக்கலைன்னு சொல்றான்னா, 'யார்கிட்டயும் சொல்லாதே'ங்கிற சத்தியம் செல்லாது. அவனைத் தனியா விடாம, நம்பகமான ஒரு பெரியவர்கிட்ட சொல்லுங்க. அவன் கே-ங்கிறதைச் சொல்ல வேண்டியதே இல்ல. தூங்கலை, சாப்பிடலை, பயமா இருக்குன்னா போதும். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம்.

டாக்டர்கிட்ட போனா, 'மாத்திடலாம்'னு ஆரம்பிச்சாங்கன்னா எழுந்து வந்துடுங்க. அந்த 2021 உத்தரவு, 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை சொன்னது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டர்களின் தொழில் ஒழுங்குமீறலாவே அறிவிச்சது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, 'தன்பாலீர்ப்பாளர்களோட பேசிய அனுபவம் இருக்கா'ன்னு போன்ல கேட்டுடுங்க. கூச்சப்பட எதுவுமில்ல.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணும் இருக்கு. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கொடுக்க 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துடுச்சு. ஆனா, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, 18 வயசான யாரும் தனக்கொரு 'நியமனப் பிரதிநிதி'யைத் தேர்ந்தெடுக்கலாம். சிகிச்சை நேரத்துல உங்களுக்காகப் பேசுறவர் அவர். ரத்த சொந்தமா இருக்கணும்னு கட்டாயமில்ல, மேஜரா இருக்கணும், எழுத்துல சம்மதிக்கணும். ஒரு வெள்ளைத்தாள்ல அவர் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். உங்க காதலன் பேரையும் எழுதலாம்.