'நெகடிவ்' என்றால் பயப்பட வேண்டுமா?

ஆங்கிலம் படிக்காதவர்கள் வாயிலும் சரளமாகப் புழங்கும் சொல் 'நெகடிவ்'. ஃபிலிம் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்காரர் கொடுத்தது நெகடிவ். டார்ச் லைட் செல்லின் தட்டையான பக்கம் நெகடிவ். எதற்கெடுத்தாலும் "அதெல்லாம் நடக்காது" என்பவரையும் "ரொம்ப நெகடிவ்" என்கிறோம். அதனாலேயே அந்தச் சொல்லைக் கேட்டால், ஏதோ கெடுதல் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

லாபரேட்டரி காகிதத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: 'இல்லை'. எது இல்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி, "அக்கா, என் ரத்தம் நெகடிவாம். எனக்கு ஏதாவது வியாதியா?" என்று கண் கலங்கி வந்தாள். "இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மாமியார் வேறு முணுமுணுத்தாராம். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

எச்.ஐ.வி. சோதனைக்கு எதிரே நெகடிவ். தொற்று காணப்படவில்லை, நல்ல சேதி!

ரத்தப் பிரிவு 'பி' நெகடிவ். இது வியாதியே அல்ல. சிவப்பணுவின் மேல் 'டி' என்ற ஒரு புரதம் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இராது. கண்ணின் நிறம் போல இதுவும் பிறவி அமைப்பு. 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்து ஆராய்ந்து கண்டதால் 'ஆர்.எச்.' என்ற பெயர் வந்தது.

பயம் வேண்டாம், ஆனால் அசட்டையும் கூடாது. தாய் நெகடிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால், குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதை அந்நியமாக எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தைக்குத்தான் கடும் சோகை, மஞ்சள் காமாலை. சில சமயம் உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுக்க 'ஆன்டி-டி' ஊசி இருக்கிறது. வழக்கமாக 28-வது வாரத்தில் ஒன்று; பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும், கர்ப்ப காலத்தில் ரத்தப்போக்கு இருந்தாலும், வயிற்றில் அடிபட்டாலும் உடனே டாக்டரிடம் "நான் நெகடிவ்" என்று சொல்லிவிடுங்கள். எதிர்ப்புப் பொருள் உண்டான பிறகு போட்டால் இந்த ஊசியால் பயனில்லை.

இன்னொன்று: நாள் தள்ளியதும் அவசரப்பட்டு வீட்டிலேயே செய்யும் கர்ப்பப் பரிசோதனை நெகடிவ் என்று காட்டினால், அதோடு விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு வராவிட்டால் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

காகிதத்தைக் கையில் வாங்கியதும் "நல்லதா, கெட்டதா?" என்று கேட்காதீர்கள். "எது இல்லை டாக்டர்? அதனால் நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.